கைதூக்கி வேண்டுதல்

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தையல்நாயகி தலையை விட்டு இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

விழுப்புரம் பேருந்து நிலையம். காலை ஒன்பது நாற்பது. திண்டிவனம் பேருந்து உறுமத் தொடங்கிவிட்டது. கடைக்காரர், கோன் தேடுகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு கப் தேடுகிறாள் என்று நினைத்தார். மூன்றாவதாக அவர் நினைத்துப் பார்த்தது காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணை.

"எதுனா எடுக்கறீங்களாக்கா?"

"இருப்பா. நெத்தி இன்னும் ஆறல," என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

பேருந்து நகர்ந்தது. நாத்தனார் ராஜாமணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தையல்நாயகி கைக்குக் கிடைத்த பால் ஐஸுக்குக் காசு கொடுத்து, அதைப் பிடரியில் அழுத்திக்கொண்டே ஓடி, ஓடும் பேருந்தில் தாவினாள். பின்னாலேயே ராஜாமணி.

எட்டு மாதத்துக்கு முன், நாற்பத்து நாலு வயதில், தையல்நாயகிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது. அனல்தான் ஆறவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நெஞ்சில் பற்றிக்கொண்டு உச்சந்தலை வரை ஏறியது. தூக்கம் போனது. கெடார் கிராமத்தில் அவள் வீட்டு மின்விசிறி மார்கழியிலும் ஐந்தாம் எண்ணில் சுழன்றது. கணவன் தாண்டவராயன் குரங்குக் குல்லாய் மாட்டி, வேர்க்கடலை மூட்டைக்கு மேல் போடுகிற தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்தான். போன வாரம் உச்சிவெயிலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நேராகப் போய் மாட்டுத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள். மாடு கோபித்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அதில் வாய் வைக்கவில்லை.

திண்டிவனத்தில் டாக்டர் வெண்ணிலா சென்ற மாதமே சொல்லியிருந்தார். குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம். பரிசோதனை முடிவுகள் இன்று வந்துவிடும். வேண்டுமா, வேண்டாமா என்று தையல்நாயகி இன்று சொல்லியாக வேண்டும்.

வேண்டாம் என்பது ராஜாமணியின் தீர்ப்பு. அவள் சொன்னால் தெருவே கேட்கும். ஏனென்றால் அதே அறுவைச் சிகிச்சை ஆறு வருடம் முன்பே அவளுக்கும் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் வியர்த்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, கல் மாதிரி இருக்கிறேன் என்பாள்.

அவளிடம் இருந்தது ஒரு வேண்டுதல்தான். தினமும் குளித்து முடித்ததும் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். ஒரு கையை வானத்தைப் பார்த்துத் தூக்குவாள். ஐந்து நிமிடம். அதுவரை யாரும் அவளைத் தொடக் கூடாது. கேட்டதற்கு, திருவாமாத்தூர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயிலுக்கென்று தனியாகக் கிளம்பிப் போய்விட்டும் வருவாள்.

பலன் கண்ணெதிரே நின்றதால் தெருவும் தொடங்கிவிட்டது. இன்றைய தேதிக்குக் காலை ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் பதினோரு பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முதல் பேருந்தின் ஓட்டுநர் புதிதில் வீட்டுக்கு வீடு நிறுத்தினார். தையல்நாயகியும் எட்டு மாதமாகத் தூக்கினாள். தோள்பட்டை வலிதான் கண்ட பலன்.

அந்த மருந்தைப் போட்டால் என்னவெல்லாம் ஆகும் என்று பேருந்தில் ராஜாமணி ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். விக்கிரவாண்டி வருவதற்குள் அவள் பேச்சில் தையல்நாயகிக்கு மீசை முளைத்துவிட்டது. கூட்டேரிப்பட்டில் தாடி. திண்டிவனம் எல்லையில் குரல் உடைந்தது.

"மாட்டுக்குப் போடற ஊசிடி அது. உனக்கு எதுக்கு? கையை நல்லா விறைப்பாத் தூக்கு, போதும்."

பால் ஐஸ் உருகி முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் ராஜாமணி நின்றுவிட்டாள். மருந்து வாடை ஆகாதாம். முகக்கவசம் மாட்டி, முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு, எதிர் டீக்கடையில் ஒரு செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தாள்.

உள்ளே தையல்நாயகி உட்கார்ந்ததுமே மீசையைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

டாக்டர் வெண்ணிலா சிரிக்கவில்லை. மீசை வராது என்றார். கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் ஒன்று மட்டும் போதும். மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம் இரண்டும் சரியாக இருக்கின்றன. குடும்பத்தில் இரத்த உறைவு வந்தவர்களும் இல்லை. ஆபத்தே கிடையாது என்று எந்த மருந்தைப் பற்றியும் சொல்ல முடியாது. அதனால் குறைந்த அளவில் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் வேறு வழிகளும் உண்டு.

எங்கள் பக்கத்தில் யாராவது இதை எடுக்கிறார்களா என்று கேட்டாள் தையல்நாயகி. டாக்டரின் பார்வை ஒரு கணம் ஜன்னல் வழியே எதிர் டீக்கடைக்குப் போய்த் திரும்பியது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்றார்.

மின்விசிறி சுழன்றது. தையல்நாயகிக்கு மறுபடி நெஞ்சில் பற்றிக்கொண்டது. மாட்டுத் தொட்டி நினைவுக்கு வந்தது. மாட்டின் முகமும் வந்தது.

"எழுதிக் குடுங்க மேடம். மீசை வந்தாலும் வரட்டும், மழிச்சிக்கிறேன். எனக்குத் தூக்கம் வேணும்."

டாக்டர் எழுதினார். ஒரு களிம்புக் குழாயை எடுத்து மேசையில் வைத்து, பயன்படுத்தும் முறையைச் சொன்னார்.

"குளிச்சி, ஈரத்தைத் துடைச்சிட்டு, தோளுக்குக் கீழ கையில தடவுங்க. அஞ்சு நிமிஷம் காயணும். துணி ஒட்டாம கையைத் தூக்கி வெச்சிக்கிட்டா நல்லது. அதுவரைக்கும் யாரும் உங்களைத் தொடக் கூடாது."

தையல்நாயகியின் வலது கை தானாக மேலே எழுந்தது. எட்டு மாதப் பழக்கம். அதை அண்ணாந்து பார்த்தபடியே அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மருந்தை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். செய்தித்தாள் லேசாகக் கீழே இறங்கியது.

"இன்னாடி சொன்ன? வேணாம்னுதான?" என்றது செய்தித்தாள்.

தையல்நாயகி எதிரில் உட்கார்ந்தாள். களிம்புக் குழாயை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெருவுல பதினோரு பொம்பளைங்க வெறுங்கையைத் தூக்கிக்கினு நிக்கறோம். நீங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னால, குளிக்கிற எடத்துல அந்தக் கைக்கு இன்னா பண்றீங்க?"

ராஜாமணி குழாயைப் பார்த்தாள். எதிரே மருத்துவமனைப் பலகையைப் பார்த்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது.

மெல்ல இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி அவிழ்த்தாள். வெற்றிலை. பாக்கு. அவற்றுக்கடியில், வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்த இன்னொரு களிம்புக் குழாய்.

அதே நிறம். அதே பெயர்.

"கல்லு மாதிரி இருக்கேன்னு ஊரு சொல்லிடிச்சிடி," என்றாள் ராஜாமணி. "அப்பால எப்படிச் சொல்றது? ஒருநாள் எடது கை, ஒருநாள் வலது கை. ஆறு வருஷமா இதான்."