கணக்கு வாத்தியாரின் வயிற்றெரிச்சல்

ஆலோசகர் அறை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கணக்கு வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. யாருக்கு எது கைவரும், மேலே என்ன படிக்கலாம் என்று பார்த்துச் சொல்லப் பள்ளி நிர்வாகம் ஒரு பெண்ணை ஆலோசகராகப் புதிதாக அமர்த்தியிருந்தது. அதுவரை பிள்ளைகள் யோசனை கேட்டு வந்ததெல்லாம் அவரிடம்தான். மார்க்கைப் பார்த்துப் பட்டென்று சொல்லிவிடுவார். இப்போது அவர் பக்கம் ஈ காக்கை அண்டவில்லை. நேற்று பெய்த மழையில் முளைத்த காளான் என்று சக ஆசிரியர்களிடம் புலம்பிப் பார்த்தார். அவர்களோ தங்கள் பிள்ளைகளையும் அங்கேதான் அனுப்பினார்கள்.

அவர் வகுப்பு மாணவி வாயாடியும் அங்கே போய் வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அது அவர் வைத்த பட்டப்பெயர்தான். கணக்கில் புலி, இன்ஜினியர்தான் என்று அவர் முடிவே கட்டியிருந்தார். அவளோ டீச்சராகப் போகிறேன் என்கிறாள். நேரே ஆலோசகரிடம் போனார். உட்காரவில்லை.

"அரை மணி நேரம் பேசினா ஒரு பிள்ளையைத் தெரிஞ்சிடுமா மேடம்?"

"தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும். வகுப்புல அவ எப்படி?"

வாத்தியார் கொட்டித் தீர்த்தார். வாயை மூடமாட்டாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள், எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியாயிற்று என்றார்.

"அவ சொன்னா அவங்களுக்குப் புரியுதா?"

வாத்தியார் கைகழுவிவிட்ட கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன், போன வாரம் கரும்பலகையில் சமன்பாட்டைச் சரியாகப் போட்டது நினைவுக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"புரியுது," என்றார்.

கீழ் வகுப்புக்கு ஒரு பாடவேளை அவளையே நடத்தவிட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அவளே சொல்லிவிடுவாள் என்றார் ஆலோசகர். வாத்தியார் சம்மதித்தார். அவள் மண்ணைக் கவ்வட்டும் என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது.

பின்னத்தைச் சொல்லித்தர வாயாடி காகிதம் வெட்டினாள். தப்பாகச் சொன்ன சிறுமியைத் திருத்தாமல் கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்தாள். வெட்டிப் பார்த்த சிறுமி தானே சிரித்துவிட்டாள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்த வாத்தியாருக்குத் தெரியும், அவர் வகுப்பில் மணிக்கு முன்பே புத்தகம் பைக்குள் போய்விடும்.

அன்று மாலை அவளுடைய அப்பாவுக்கு அவரே போன் செய்து, அவள் ஆசைப்படியே படிக்க வையுங்கள் என்றார்.

"நல்லா நடத்துறாளா சார்?"

"என்னைவிட."

பாதி பெருமை, பாதி பொறாமை என்று சொல்லலாம். ஆனால் பொறாமைதான் கொஞ்சம் கூடுதல்.