பகல் ஷிஃப்ட் தாய்மார்களுக்கு

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட்காரி மட்டும் உண்டு. மூச்சிரைக்க மாடி ஏறி இறங்கும் எங்களுக்கு, அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவதில் ஓர் அற்ப சந்தோஷம். இரண்டாம் மாடியில் என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் அவளுடையது.

ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார் மையத்தில் அவளுக்கு வேலை. எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இவள் காதில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை இவள் அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்: உள்ளே இருப்பவர் வைக்கும் வரை இவள் ஃபோனை வைக்கக் கூடாது.

"பேச ஒண்ணுமே இல்லன்னாலும் லைன்ல மூச்சாவது விட்டுக்கிட்டு இருக்கணும்க்கா. வெளியில ஒரு ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அப்ப அந்த வேலைக்கு நான்தான் சரியான ஆளு" என்றேன்.

"உங்களுக்கு மூச்சு விட எங்கக்கா நேரம்? பேசவே நேரம் பத்தாதே."

அப்போதெல்லாம் அவளுக்கு வாய் நன்றாகவே வேலை செய்தது.

அவள் உண்டானதும் கட்டிடமே அவளுக்கு நாள் எண்ண ஆரம்பித்தது. ஆபீசில் ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு என்று சொன்னபோது, ஏதோ தாய்வீட்டுச் சொத்து வந்த மாதிரி அவள் முகம். மூன்றாம் மாடித் தையல்காரம்மா, தன் பிள்ளைகள் படுத்த இரும்புக்கால் தொட்டிலைக் கீழே இறக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "பத்திரமா வச்சுக்க, என் மருமகளுக்கும் வேண்டியிருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். தையல்காரம்மா எதையும் அளவெடுக்காமல் தருகிறவள் இல்லை.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை.

அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கே ஒன்றுமில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீசிலிருந்து முதலில் அனுதாபம் வந்தது. அதன் பின்னாலேயே விதியும் வந்தது. அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன்; எதைப் படித்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பான். ஆகவே மாடிப்படியில் நின்று அவன் படித்தது என் காதில் விழுந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. ஆறு மாத விடுப்பு குழந்தையை வளர்ப்பதற்கு. வளர்க்கக் குழந்தை இல்லாத நிலையில், உடம்பு தேறும் அளவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பவும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். 'தாழ்மையுடன்' என்ற வார்த்தைகூட இருந்தது.

திரும்பிப் போனாள். போன சில நாளிலேயே, இரண்டு மாடிக்கு நடுவே நின்ற ஒரு லிஃப்டிலிருந்து மணி அடித்தது. உள்ளே ஒரு பெண், அவள் தோளில் ஒரு கைக்குழந்தை. குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இவள் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறாள், அப்புறம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள், அப்புறம் ஃபோனை வைத்துவிட்டாள்.

மெக்கானிக் வந்தான், லிஃப்ட் திறந்தது, தாயும் பிள்ளையும் சுகமாக வெளியே வந்தார்கள். ஆனால் யார் முதலில் வைத்தார்கள் என்பது அங்கே பதிவாகிவிடும். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உங்களுக்குத்தான் நல்லது" என்றாராம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தியவள், மாதக்கணக்கில் திறக்கவில்லை.

திறக்க வைத்தது வேன்காரன்தான். வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டுவிட்டது. இனி அவள் போனால்தான் அடுப்பு எரியும். "அக்கா, நீங்க கொஞ்சம் இவளக் கீழ கூட்டிட்டுப் போங்க. தனியாப் போனா அந்த மனுஷன் முன்னாடி பொம்ம மாதிரி உக்காந்துட்டு வந்துருவா" என்றான். அவன் கேட்டிருக்கவே வேண்டாம்.

கீழே என்றால் தரைத்தளத்து ரெஸ்யூமே சார். ஒரு தொழிற்சாலையில் ஆட்களைச் சேர்க்கும் அதிகாரியாக இருந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து, வேலை தேடுகிறவர்களுக்கு வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் திருத்தி எழுதித் தருகிறார். 'தொழில்முறை ரெஸ்யூமே, பேட்டிப் பயிற்சி' என்று ஜன்னல் கம்பியில் ஒரு பலகை. ஊருக்கெல்லாம் வேலை எழுதுகிறவருக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நாங்கள் பின்னால் பேசிக்கொள்வோம். முன்னால் 'சார்' போடுவோம்.

அவர் கம்ப்யூட்டர் திரையில் அவள் பழைய தாளை வைத்து, பல் டாக்டர் மாதிரி குனிந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. இங்க ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. இந்த மாசத்துலேருந்து இன்னைக்கு வரைக்கும். பாக்கறவன் கண்ணு நேரா பள்ளத்துலதான் போய் விழும். இதுல என்ன இருக்கு?"

நான்தான் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், எனக்கும் அது வரும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டதும் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்.

"மகப்பேறு விடுப்புன்னு போட்டுருவோம். பொய் இல்லயே. நீங்க போனது அதுக்குத்தானே."

"அது முடிஞ்சு திரும்பப் போனேன் சார். அப்புறம் அந்த ஃபோன்…"

"அதெல்லாம் எதுக்கும்மா வெளிய? விடுப்பக் கொஞ்சம் இழுத்து முழுசா மூடிருவோம். இருக்கறதுலயே கௌரவமான பள்ளம் இதுதான்."

"குழந்தை எங்கன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு அவங்களுக்கே தெரியும்" என்றார் சார். தன் தொழிற்சாலையில் அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. அல்லது அங்கே பெண்களையே எடுக்கவில்லையோ என்னவோ.

முதல் பேட்டியில், உட்கார்ந்த உடனே கேட்டார்கள். இரண்டாவதில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். குழந்தைக்கு என்ன வயசு, யார் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் மறுநாள் வருவீர்களா.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்கம்மா பாத்துக்குவாங்கன்னு சொன்னேன்க்கா."

அவள் அம்மா தவறி வருஷக்கணக்காகிறது. தெரிவிக்கிறோம் என்று சொன்ன இரண்டு இடமும் தெரிவிக்கவில்லை.

மூன்றாவது ஒரு காஸ் கம்பெனி. வீட்டில் காஸ் கசிகிறது என்று பதறிக்கொண்டு ஃபோன் செய்கிறவர்களிடம், விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், ஜன்னலைத் திறங்கள், வெளியே வாருங்கள் என்று ஆள் போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. இவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அங்கே மேலாளராக இருந்த மேடம் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்திருக்கிறாள். எங்கள் கம்பெனியில் தாய்மார்களுக்குப் புதிதாக விதி போட்டிருக்கிறோம், கைக்குழந்தை உள்ளவர்களுக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான், கீழேயே குழந்தைக் காப்பகம் இருக்கிறது, ஆயாம்மா இருக்கிறாள், நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். வேலை அங்கேயே முடிவாகிவிட்டது.

அவள் படியேறி வந்து என் வாசலில் நின்றாள்.

"வேலை கிடைச்சிருச்சுக்கா."

"அப்புறம் ஏண்டி எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி நிக்கிற?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை குழந்தையோட வரச் சொல்றாங்க. காப்பகத்துல மாட்ட ஒரு ஃபோட்டோவும் கேக்கறாங்க."

அன்று சாயங்காலம் சார் வீட்டு முன்னறையில் மகாநாடு. வேன்காரனும் வந்திருந்தான். சார் முதலில் தைரியமாகத்தான் ஆரம்பித்தார்.

"குழந்தை பாட்டி வீட்டுல, வெளியூர்ல வளருதுன்னு சொல்லிடலாம்."

"எத்தன நாளைக்கு சார்?" என்றான் வேன்காரன். "ஸ்கூல்ல சேக்கற வரைக்குமா? அதுக்கும் நீங்களே மார்க் ஷீட் எழுதிக் குடுத்துருவீங்களா?"

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் இல்லை அது. கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தட்டினார். பிறகு ஒரு வரியை அச்சடித்து அவள் கையில் கொடுத்தார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, குழந்தைப் பராமரிப்புப் பொறுப்பு தற்போது இல்லை.'

"இந்த ஒரே வரிதான்மா. சொல்லிட்டு நிறுத்திடணும். விளக்கம் குடுக்கக் கூடாது, அழக் கூடாது. அழுதா வேலைக்கு ஆக மாட்டாங்கன்னு நெனச்சுருவாங்க. அக்கா, நீங்க மேடம். கேளுங்க."

எனக்கு மேடம் வேஷம். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டேன். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான்.

அவள் தாளைப் பார்த்தாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஆரம்பித்து நின்றாள். மறுபடி கேட்கச் சொன்னார் சார். மறுபடி கேட்டேன். மறுபடி அதே இடத்தில் நின்றாள். 'தற்போது' என்ற வார்த்தையின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது. அதற்குப் பிறகு சார் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் மூன்று பேரும் அவளுக்கு எதிரே மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திங்கள்கிழமை நானும் கூடப் போனேன். பஸ் மாற வேண்டுமாம், அவள் தடுமாறுவாள் என்று வேன்காரனிடம் காரணம் சொன்னேன். காஸ் கம்பெனியின் கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவர். அதற்குள் காப்பகம். நல்ல காப்பகம்தான், குறை கண்டுபிடிக்கப் போன எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. சுவரில் வரிசையாகக் கலர் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பை, மேலே ஒரு குழந்தையின் படம். கடைசிக் கொக்கி காலியாக இருந்தது. அதற்கும் மஞ்சள் நிறத்தில் ஒரு பை வாங்கி மாட்டியிருந்தார்கள்.

மேடம் எதிரே வந்தாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"பாட்டியா? வாங்கம்மா. எங்க நம்ம குட்டி? வண்டியில தூங்குறாளா?"

எனக்கு அவ்வளவு வயசாகிவிட்டதா என்று ஒரு நொடி கோபம் வந்தது உண்மை.

லிஃப்ட்காரி பைக்குள் கையை விட்டாள். தாளை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

"குழந்தை பொறந்துச்சு மேடம். வீட்டுக்கு வரல. ஆஸ்பத்திரியிலேயே போயிருச்சு. அப்புறம் திரும்ப வேலைக்குப் போனேன். ஒரு லிஃப்ட்ல ஒரு பொம்பள குழந்தையோட மாட்டிக்கிட்டாங்க. அந்தக் குழந்தை அழுதுது. நான் ஃபோன வச்சுட்டேன். அதனாலதான் அனுப்புனாங்க. நீங்க பாத்த தாள்ல மகப்பேறு விடுப்புன்னு போட்டிருக்கறதுல பாதி, வேலை போனதுக்கு அப்புறம் வீட்டுல இருந்ததுதான்."

லிஃப்டுக்குள் இருப்பவரிடம் பேசுகிற குரல் அது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கினாள், நடிப்பு இல்லை, எனக்கு நடிப்பு தெரியும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன் தன் காலுறையைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரி தரையைப் பார்த்தாள். வேலை போனது என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

மேடம் இன்னொருவரோடு திரும்பி வந்தாள். அவர் ஷிஃப்ட் போடுகிறவராம்.

"வேலை உங்களுதுதான்மா. நேர்மையாச் சொன்னீங்க பாருங்க, அது போதும். அந்த மாதிரி ஃபோன் வந்தா பக்கத்து ஆளுக்கு மாத்தி விட்டுருங்க" என்றாள் மேடம். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒரே ஒரு மாத்தம். பகல் ஷிஃப்ட் கைக்குழந்தை இருக்கறவங்களுக்குன்னு விதி."

மற்றதை ஷிஃப்ட்காரர் சொன்னார். "ராத்திரிக்குத்தான் ஆளே சிக்க மாட்டேங்குது மேடம். இவங்களுக்குத்தான் வீட்டுல பொறுப்பு ஒண்ணும் இல்லையே, தோதா இருக்கும்."

"சரி சார்" என்றாள் லிஃப்ட்காரி.

நாங்கள் வெளியே வரும்போது ஆயாம்மா அந்த மஞ்சள் பையைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். அவளும் ரொம்ப மெதுவாகத்தான் கழற்றினாள்.

இப்போது, எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் அவள் இறங்கிப் போகிறாள். வேன்காரனுக்குப் பகலில் ஒரு கிடங்கில் வண்டி கிடைத்திருக்கிறது. இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். சாவி கை மாறுகிறது, சாப்பாடு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை. குடித்தனம் அவ்வளவுதான். ரெஸ்யூமே சார், வருகிறவர்களிடமெல்லாம் மாடியைக் காட்டி, நம் கை பட்டு வேலை கிடைத்தவள் என்கிறார். அந்த ஒரு வரிக்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் தையல்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மருமகளுக்கு மாசம் ஏறிவிட்டது, தொட்டில் வேண்டும், நீதான் கேட்டு வாங்கித் தர வேண்டும் என்றாள். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் கட்டிடத்துக்கு நான் ஒருத்திதான்.

சாயங்காலம் போனேன். தொட்டில் ஜன்னலோரம் நின்றிருந்தது. அதற்குள் நிறைய மடித்த துணிகள்: அவன் சட்டைகள், அவள் சீருடை, தலையணை உறைகள். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் துணிகளை எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் பிடிங்கக்கா. நேரமாச்சு எனக்கு."

தூக்கிக்கொண்டு மேலே போனோம். மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஏதோ அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண். வெள்ளந்தி.

"அக்கா, உங்க ஆபீஸ்ல லீவு எவ்ளோ குடுத்தாங்க? எங்க ஆபீஸ்ல இப்பத்தான் கேட்டுருக்கேன்."

தையல்காரம்மா மருமகளின் முழங்கையைக் கிள்ளினாள். எனக்குத் தெரிந்தது, லிஃப்ட்காரிக்கும் தெரிந்திருக்கும்.

"ஆறு மாசம்" என்றாள் லிஃப்ட்காரி. "சம்பளத்தோட. மொதல்லயே எழுத்துல வாங்கிக்க. குழந்தை இருந்தாத்தான் ஆறு மாசம், அதையும் கேட்டு வச்சுக்க."

மருமகள் வயிற்றில் கை வைத்தாள். தையல்காரம்மா தொட்டிலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

நாங்கள் ஒரு திருப்பம் இறங்குவதற்குள் மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பில் பிரஷ் போட்டுத் தேய்க்கும் சத்தம். அழுத்தி, நிறுத்தாமல். லிஃப்ட்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றாள். சத்தம் ஓயும் வரை நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.