பாயாங்கே மணலில் பதினோரு பேர்

மிரெல்லா அந்தக் கடற்கரை ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அத்தனை வருடத்தில் பாயாங்கே தீவைப் பற்றிக் கேட்காத நாள் என்று ஒன்று இருந்திருக்காது. காலை ஒன்பது மணிக்கு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளைப் படகு கிளம்பும். சாயங்காலம் சிவந்த தோளோடும் நனைந்த துண்டோடும் திரும்பி வருவார்கள். மறுநாள் படுக்கைவிரிப்பை உதறினால் மாவு போல அந்தத் தீவின் மணல் தரையில் கொட்டும்.

அன்று இருநூற்றுப் பதினாலாம் அறையில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரக் கிழவி மிரெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எவ்வளவு கொடுத்துவைத்தவள் நீ! நினைத்தபோதெல்லாம் அங்கே போய் வருவாய், இல்லையா?"

"ஆமாம் மதாம், வாராவாரம் போவேன்" என்றாள் மிரெல்லா.

சொன்ன பொய் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுகொண்டது. மத்தியானம் சலவைக்கூடத்துக்குப் போனவள், இரைச்சலிடும் இயந்திரங்களுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்: "உங்கள்ல யாராவது பாயாங்கேக்குப் போயிருக்கீங்களாடி?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பிரெமிளா சிரித்தாள். "நானா? பக்கத்துத் தெரு மாமியார் வீட்டுக்குப் போறதுக்கே எனக்கு நேரமில்ல. அதுக்காக நான் அழவும் இல்ல."

"நான் பார்த்திருக்கேன்க்கா" என்றாள் நசீமா. "ரிசப்ஷன்ல படம் மாட்டியிருக்கே. தினம் தூசி தட்டுறது நான்தானே?"

மற்றவர்களும் இல்லை என்றார்கள். மிரெல்லாவையும் சேர்த்து அங்கே இருந்த பதினோரு பெண்களில் ஒருத்திகூட, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அந்தத் தீவில் கால் வைத்ததில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை போறோம்" என்றாள் மிரெல்லா.

"அது விருந்தாளிங்க போற எடம்க்கா. நம்மள விடுவாங்களா?"

"கடக்கரை யாரு அப்பன் வீட்டுச் சொத்துடி? ரேடியோவுல அந்த வக்கீலம்மா சொன்னாங்களே, கேக்கல? அலை ஏறி நிக்கிற எடம் வரைக்கும் மணல் எல்லாருக்கும் பொது. ஹோட்டலா இருந்தாலும் சரி, மந்திரியா இருந்தாலும் சரி."

"வக்கீலம்மா ரேடியோவுல சொல்லுவாங்க. வேலை போனா சோறு போடுவாங்களா?" என்று முனகினாள் பிரெமிளா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆளாகப் படகுத்துறைக்கு வந்து நின்றவளும் அவள்தான். தலையில் பூப்போட்ட தொப்பி, கையில் நெகிழி நாற்காலி.

படகு ஊர் மீனவன் கிளான்சியுடையது. மீன் பிடிக்கிற படகு. அன்றைக்காகத் தேய்த்துக் கழுவியிருந்தான். நசீமா விடிகாலையில் எழுந்து தம் போட்டு இறக்கிய பிரியாணி தேக்சாவை இரண்டு பேராகத் தூக்கி நடுவில் வைத்தார்கள். ஊறுகாய், வெள்ளரிக்காய், இரண்டு கூடை லிச்சிப் பழம். மிரெல்லாவின் மடியில் அவள் புருஷனுடைய ரவான் பறை.

"பிரியாணி ஏறினதும் படகு அரை அடி அமுங்கிருச்சு" என்றான் கிளான்சி.

"அது பிரியாணி இல்ல அண்ணே, பிரெமிளாக்கா" என்றாள் நசீமா.

"அடியே, எறங்குற எடம் வரட்டும், உன்ன அங்கயே விட்டுட்டு வர்றேன்!"

சிரிப்பு அடங்குவதற்குள் தண்ணீரின் நிறம் மாறியது. கருநீலம் பச்சையாகி, பச்சை வெளுத்து, படகின் நிழல் அடிமணலில் கூடவே ஓடி வந்தது. எல்லோரும் விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். நீண்ட வால் கொண்ட வெள்ளைப் பறவை ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது. படகு தீவை ஒட்டி நின்றதும் மிரெல்லா காலைத் தண்ணீரில் இறக்கி, மணலில் ஊன்றி நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. உப்புக்காற்று என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

விருந்தாளிகளின் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பாயை விரித்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, காவலாளி கஸ்தோன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். நாற்பது வயது; ஞாயிறு பூசையில் மிரெல்லாவுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவன்.

"மிரெல்லாக்கா, என்ன இது? தேக்சாவும் பறையுமா வந்து உக்காந்திருக்கீங்க! மொசியே ஃபாபியேன் பார்த்துட்டாரு."

"பார்த்தா வரச் சொல்லு. ஒரு தட்டு போட்டுத் தர்றோம்."

மொசியே ஃபாபியேனே வந்தார். தீவின் உணவகத்துக்கும் அதை நடத்துகிற ஹோட்டலுக்கும் அவர்தான் மேலாளர். கஞ்சி போட்ட சட்டை. அதற்குக் கஞ்சி போட்டது பிரெமிளா. மிரெல்லாவை உற்றுப் பார்த்தார்.

"நீ நம்ம ஹோட்டல் ஆளுதானே? இரண்டாம் மாடி?"

"ஆமாங்க ஐயா. இன்னைக்கு எனக்கு லீவு. சுத்திப் பார்க்க வந்திருக்கேன்."

"விருந்தாளிங்க இருக்கிற எடத்துல சட்டி பானையோட உக்காரக் கூடாது. பத்து நிமிஷத்துல கிளம்பணும். நாளைக்கு வேலைக்கு வரணும்ங்கிற நெனப்பு இருக்கட்டும்."

பின்னால் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தாள் மிரெல்லா. அவளுடைய இரண்டு பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். என்றாலும் மறு கையால் மணலைக் காட்டினாள்.

"ஐயா, அதோ காஞ்ச பாசி ஒரு கோடா கிடக்கு பாருங்க. அலை அதுவரைக்கும் ஏறும். அதுக்குக் கடல் பக்கம் இருக்கிறது உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல, எல்லாருக்கும் பொது. நாங்க இந்தப் பக்கம் உக்காந்திருக்கோம். இந்த மணல உங்க மெத்தையிலருந்து இருபத்திரண்டு வருஷமா நான் உதறிக்கிட்டிருக்கேன். அது கெடக்கிற எடத்துல ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

அவர் முகம் சிவந்தது. ஃபோனை எடுத்துக் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டார். கஸ்தோனிடம், "அந்தப் பறையை வாங்கி உள்ளே வை" என்றார். கஸ்தோன் யார் முகத்தையும் பார்க்காமல் ரவானை எடுத்துக்கொண்டு போனான்.

"பூசையில சமாதானம் சொல்லிக் கை குடுப்பானே, அந்தக் கைதானே இது!" என்று உரக்கச் சொன்னாள் பிரெமிளா.

அரை மணியில் காவல்படைப் படகு வந்தது. இறங்கிய சார்ஜென்ட் தடித்த மீசைக்காரர், அவசரமே இல்லாதவர். மேலாளர் சொன்னதை முழுவதும் கேட்டார். மிரெல்லா சொன்னதையும் கேட்டார். பிறகு பாசிக்கோட்டை ஒட்டியே தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்து திரும்பி வந்தார்.

"இந்தம்மா சொல்றது சரிதான். தீ மட்டும் மூட்டக் கூடாது."

"மூட்டல சார். வீட்லயே வெந்தாச்சு" என்றாள் நசீமா.

"அப்ப பிரச்சினை இல்ல. ஆனா மொசியே, கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிற ரெண்டு வரிசை நாற்காலி யாருது?"

மொசியே ஃபாபியேன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மேல ஏத்திப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, சார்ஜென்ட் தேக்சா பக்கம் மூக்கைத் திருப்பினார். "மாட்டுக்கறியா, கோழியா?"

"கோழி, சார். உருளைக்கிழங்கும் இருக்கு."

அவர் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடுதான் போனார். உணவக ஆட்கள் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதைப் பதினோரு பெண்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். மேலாளர் திரும்பி வந்து, சிரித்த மாதிரி சொன்னார்: "சரி, கோட்டுக்குக் கீழேதானே? ஒரு மணிக்கெல்லாம் தண்ணி ஏறிடும். உங்கள நான் விரட்ட வேண்டாம், கடலே விரட்டும்."

அது உண்மைதான். எல்லோருக்கும் பிரியாணி பரிமாறப் போகிற நேரத்துக்கு அலை பாயை நனைத்தது. பாயைச் சுருட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பாதம் முங்கியது, பிறகு கணுக்கால். எல்லோரும் மிரெல்லாவைப் பார்த்தார்கள். மேலே, நிழலில், மொசியே ஃபாபியேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"கிளான்சி அண்ணே, படக இப்பிடி நடுவுல கொண்டாங்க" என்றாள் மிரெல்லா. "தேக்சாவ படகுக்குள்ள ஏத்துவோம். நாம சுத்தி நின்னு சாப்பிடுவோம்."

"தண்ணியிலயா?"

"ஏன், உப்புக் கொறஞ்சாப் போட்டுக்கலாம்!"

பிரெமிளாதான் முதலில் சிரித்தாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, நெகிழி நாற்காலியை அலைக்குள் நட்டு அதில் ராணி மாதிரி அமர்ந்து தட்டை நீட்டினாள். முழங்காலளவு தண்ணீரில் படகைச் சுற்றி நின்று எல்லோரும் சாப்பிட்டார்கள். சிந்திய பருக்கைகளுக்குச் சின்ன மீன்கள் மொய்த்துக் காலைக் கடித்தன. ஒவ்வொரு கடிக்கும் ஒரு கூச்சல், ஒவ்வொரு கூச்சலுக்கும் பத்துப் பேர் சிரிப்பு.

அப்போது கஸ்தோன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான், தலைக்கு மேலே ரவானைப் பிடித்தபடி. மிரெல்லா அதை வாங்கினாள். தோல் சுட்டது. விரலால் தட்டினாள், கணீரென்றது. ரவானைத் தீயில் காய்ச்சாமல் அடித்தால் ஈரச்சாக்கைத் தட்டுவது போலத்தான் இருக்கும்.

"உள்ள வைக்கச் சொன்னாரு, வச்சேன்" என்றான் கஸ்தோன். "மீன் சுடுற அடுப்புக்குப் பக்கத்துல வச்சேன். எங்க வைக்கணும்னு அவரு சொல்லலியே."

பிரெமிளா எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் தம்பி. இந்தா, தட்டு."

மிரெல்லா அடிக்க ஆரம்பித்தாள். ரவான் அடித்து ஆடிப் பாடுகிற சேகா பாட்டுக்கு வரி யாரும் எழுதி வைப்பதில்லை; வாயில் வருவதுதான். பிரெமிளாவுக்கு இப்படி வந்தது: "இருநூத்திப் பதினாலு அம்மா, ஈரத் துண்டு எங்கம்மா? கட்டிலுக்குக் கீழ ஒண்ணு, கடலுக்குள்ள ஒண்ணு!" மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். இடுப்புகள் அசைந்தன, தண்ணீர் தெறித்தது. ஒவ்வொரு அறை எண்ணாக வந்து போக, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கேலி சேர்ந்தது.

மேலே சாய்வு நாற்காலிகளில் தலைகள் நிமிர்ந்தன. முதலில் இறங்கி வந்தது அந்தப் பிரெஞ்சுக்காரக் கிழவிதான். மிரெல்லாவைப் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"வாராவாரம் வருவேன் என்றாயே, இதுதானா!"

"இல்லை மதாம்" என்றாள் மிரெல்லா, அடிப்பதை நிறுத்தாமல். "அது பொய். இன்றைக்குத்தான் முதல் தடவை."

கிழவி செருப்பை மணலில் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், பிறகு ஆறு பேர். உணவகத்தில் மேசைமேல் நண்டும் இறாலும் கேட்பாரற்றுக் கிடந்தன. அலை பாசிக்கோட்டைத் தொட்டு நின்றபோது அந்தத் தீவின் பாதி ஜனம் கடலுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை மிரெல்லாவுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சலவைக்கூடத்தில் பிரெமிளா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். வேலை போனால் போகட்டும் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டாள்.

மொசியே ஃபாபியேன் முன்னால் விருந்தாளிகளின் கருத்துப் புத்தகம் விரிந்து கிடந்தது. நாலு பக்கம், நாலு கையெழுத்து. அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாருமே ஞாயித்துக்கிழமையப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. நான் யோசிச்சேன். நீங்க பதினோரு பேரும் வாராவாரம் தீவுல ஆடிப் பாடினா என்ன? ஒரே மாதிரி பூப்போட்ட பாவாடை நாங்களே தைச்சுத் தர்றோம். தனியாச் சம்பளமும் உண்டு."

மிரெல்லாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வேணாங்க ஐயா. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. தீவுக்கு வருவோம். பாட்டு வந்தாப் பாடுவோம், வரலைன்னா தூங்குவோம். கேக்கணும்னு ஆசைப்படுறவங்க தண்ணிக்கு எறங்கி வரட்டும். நீங்களும் வாங்க."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, வேலையப் பாரு" என்றார்.

அவள் கீழே வந்தபோது இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கதவருகே கூடியிருந்தார்கள். தோட்ட வேலை செய்கிற பெண்களும் சமையலறைப் பெண்களும்கூட வந்திருந்தார்கள்.

"என்னக்கா ஆச்சு?"

"கிளான்சிக்கு ஃபோன் போடுங்கடி" என்றாள் மிரெல்லா. "இன்னொரு படகு பிடிக்கச் சொல்லுங்க. தேக்சாவும் ரெண்டா வேணும்."