பன்னிரண்டு பேர் பெஞ்சு

பெரிய வியாழனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வெள்ளைக்காரச் சாமியார், தமக்குக் கீழே வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஞானாதிக்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். பாகூர் ஏரிக்குக் கீழண்டை இருந்த அந்தக் கோயிலுக்குச் சாமியார் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஆண்டவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவினார். நாமும் கழுவுவோம். ஊர்த்தெருவில் ஆறு பேர், சேரியில் ஆறு பேர். ஒரே பெஞ்சு. பெயர்களை எழுதி வா."

ஞானாதிக்கம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தான். கோயிலின் நடுவே இடுப்புயர மரக்கிராதி இருந்தது. பூசைக்கு ஊர்த்தெரு அதற்கு முன்னால், சேரி அதற்குப் பின்னால். அவனும் ஊர்த்தெருக்காரன்தான். குடியிருந்த வீடோ பெரிய மிராசு சவரிராயருடையது. மனைவி அமலோற்பவத்துக்கு எட்டாம் மாதம்.

சேதி காதில் விழுந்ததும் சவரிராயர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒரே தண்ணியில அவன் காலும் என் காலுமா? நல்லா இருக்குயா. எங்க தெருவுல ஒருத்தன் வரமாட்டான். நீயும் வூட்டக் காலி பண்ணிக்க."

இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. கிராதிக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, தண்ணீரும் தனித்தனி. சவரிராயர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சாமியாரிடம், "ரெண்டு தெருவும் சம்மதம் சாமி. எடம் பத்தாதுன்னு ரெண்டு பெஞ்சு" என்றான். சேரியில் செபம் சொல்லிவைக்கும் மரியதாஸிடம், ரெண்டு பெஞ்சு சாமியார் உத்தரவு என்றான்.

மரியதாஸ் கலப்பையைக் கீழே வைத்தார். "அவுரு வாயால சொன்னாரா?"

"ஆமா."

வியாழன் பிற்பகல். ஊர்த்தெருவின் ஆறு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின் பெஞ்சில் ஆளில்லை. சேரி சனம் மொத்தமும் வெளியே பூவரச மரத்தடியில் நின்றது. இடுப்பில் துண்டு கட்டி வந்த சாமியார் காலிப் பெஞ்சைப் பார்த்து, "கூப்பிடு" என்றார்.

ஞானாதிக்கம் மரத்தடிக்கு ஓடினான். "உள்ள வா மரியதாசு. வரலன்னா என் பொழப்பு பூடும்."

"தனியா குந்தவெச்சிக் கழுவுறதுக்கு எங்க வூட்டுலயே தண்ணி இருக்குது உபதேசியாரே."

அவன் திரும்பினான். கோயில் வாசலில் சவரிராயரின் ஆட்கள். முதுகுக்குப் பின்னால் இவர்கள். நடுவில் முப்பதடி வெயில். எந்தப் பக்கமும் கால் எழவில்லை. கடைசியில் உள்ளே போய்ச் சாமியார் முன் மண்டியிட்டான்.

"ரெண்டு பெஞ்சு என் யோசனை சாமி. அவங்க ஒத்துக்கல. உங்க கிட்டயும் பொய் சொன்னேன், அவங்க கிட்டயும் சொன்னேன்."

சாமியார் துண்டை அவிழ்த்து மடித்தார். "இதை வெளியே நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்."

போய்ச் சொன்னான். மரியதாஸ் தம் ஆட்களோடு சேரிப் பக்கம் நடந்தார். அந்த வருஷம் யார் காலும் கழுவப்படவில்லை.

சேரிக்கு முன்னால் தெருவைத் தலைகுனிய வைத்துவிட்டான் என்று, உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் காலையில் சவரிராயரின் ஆட்கள் கட்டிலையும் பானைகளையும் தெருவில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். அமலோற்பவம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். எதிர் வீடுகளின் சன்னல்கள் திறந்திருந்தன. கதவு ஒன்றும் திறக்கவில்லை. சாமியாரிடம் போக ஞானாதிக்கத்துக்கு முகமில்லை.

உச்சிவேளைக்கு மரியதாஸ் மாட்டுவண்டியோடு வந்தார்.

"பொய் சொன்னத நான் மறக்கல. புள்ளத்தாச்சி வெயில்ல குந்திக்கினு இருக்குதுன்னாங்க, அதுக்குத்தான் வந்தேன். எங்க பக்கம் ஒரு குடிசை சும்மாக் கெடக்குது. வேணான்னா ரோட்டுல எறக்கி வுடறேன். எதுன்னு சொல்லுங்க."

ஞானாதிக்கம் சன்னல்களைப் பார்த்தான். சேரிக்குப் போனால் இந்தத் தெருவுக்கு மறுபடி வர முடியாது. ரோட்டில் இறங்கினால் போக இடமில்லை.

அமலோற்பவம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னும் யாரு மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கிறீங்க?" வண்டிச் சட்டத்தைப் பற்றி ஏறி உட்கார்ந்தாள். "உங்க பக்கமே ஓட்டுங்க அண்ணே."

ஞானாதிக்கம் குனிந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைத் தூக்க மரியதாஸ் வண்டியிலிருந்து இறங்கினார்.