ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம்

துரையின் நம்பிக்கை விலைமதிப்பற்றது. ஆவடி ராணுவ முகாமில் மாதம் நூற்றிருபது ரூபாய். ஆபீசர்கள் மெஸ்ஸுக்கு மீனும் கோழியும் சப்ளை செய்வதில் கோதண்டத்துக்கு நின்ற லாபம் அது. யுத்தத்தின் ஐந்தாம் வருஷம். சனிக்கிழமை தன் வீட்டில் வைக்கும் விருந்து துரைக்குப் பிடித்தால் கான்ட்ராக்ட் தொடரும். இல்லையென்றால் வேறு ஆள்.

துரை பொத்திப் பொத்தி வைத்திருந்து விருந்துக்கு அனுப்பிய மூன்று புட்டி வெள்ளை ஒயின், முத்தாபுதுப்பேட்டையில் கோதண்டத்தின் கிடங்கில், மண்ணெண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் கிடந்தன. விருந்தன்று சாயங்காலம் துரையின் பட்லர் உலகநாதன் அவற்றைத் திறந்து சொட்டுச் சொட்டாக ருசி பார்த்தார்.

"இது சோவின்யோன், அண்ணாத்தே. பச்சைப் புல்லு, நெல்லிக்கா வாசம். எலுமிச்சை புழிஞ்ச விராலுக்கு சேரும். இது ஷார்டொனே. வெண்ணெ கணக்கா வழவழன்னு கீது, கோழிக்கு. இது ரீஸ்லிங், அவிச்ச எறாலுக்கு..." மூக்கைச் சுளித்தார். "இன்னாய்யா இது, லாந்தர் நாத்தம்?"

கோதண்டம் முகர்ந்தார். சந்தேகமே இல்லை.

"மூடி போட்ட புட்டிக்குள்ள எப்டி நைனா பூந்துச்சி?"

"உன் கிடங்குல எதுல எது பூரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

கோதண்டம் அடுப்படிக்கு ஓடினார். அங்கே சமைத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி.

"ஏ சாமுண்டி, எறால அவிக்காத. மொளகாய அள்ளிப் போட்டு வறு. தொர மூக்கு ஒழுவணும், வாசனையே தெரியக் கூடாது."

"காரத்துல தொர செத்துட்டா?"

"கான்ட்ராக்ட்டுல கையெழுத்து போட்டுட்டு சாவட்டும்."

கூடத்தில் துரை இறாலைத் தின்றார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ரீஸ்லிங்கை ஒரு மடக்குக் குடித்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு இறால், இன்னொரு மடக்கு.

உலகநாதன் அடுப்படிக்கு மூச்சிரைக்க வந்தார். "இந்தக் காரத்துக்கு அந்தப் புளிப்பும் தித்திப்பும்தான் சரியான ஜோடியாம்! நாள்பட்ட ரீஸ்லிங்குல மண்ணெண்ணெ வாசம் தானா வருமாம். அதான் ஒசத்தியாம்!"

நாமாக இருந்தால் சாமிக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுச் சும்மா இருந்திருப்போம். கோதண்டம் வியாபாரி. ஒரு புட்டியில் ஒசத்தியான சரக்கு மற்ற இரண்டில் மட்டும் மட்டமாகிவிடுமா? லாந்தரைச் சாய்த்தார். சோவின்யோனுக்கு ஒரு கரண்டி, ஷார்டொனேவுக்கு ஒரு கரண்டி.

விரால் போயிற்று, சோவின்யோன் போயிற்று. துரை கைக்குட்டையில் துப்பினார். கோழியோடு ஷார்டொனே போயிற்று. துரை ஜன்னலுக்கே ஓடினார்.

"அது திராச்சையில வர்ற வாசமாம், இது லாந்தருல வர்றதாம்," என்றார் உலகநாதன்.

"உன்ன யாருய்யா ஊத்தச் சொன்னா?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

திங்கட்கிழமை துரை கான்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போட்டார், சாமுண்டீஸ்வரி பெயருக்கு. கூடவே பழைய கணக்கும் முடிந்தது. கோதண்டத்துக்கு வர வேண்டியது எண்பத்தேழு ரூபாய். இறாலுக்கு இனாம் இரண்டு. பாழான புட்டி இரண்டுக்குக் கழிவு தொண்ணூறு. கட்ட வேண்டிய பாக்கி ஒரு ரூபாய். அதை அவர் பெண்டாட்டியிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினார். அந்த ஒரு ரூபாய், வட்டியோடு, இன்னும் நிலுவையில் இருக்கிறது.