ஹேவர்லி பிரபுவும் அறுக்காத சீலும்

பேராசிரியர் டெரிக்குக்கு இங்கிலாந்தில் ஒரு பிரபு இருந்தார். விக்டோரியா ராணி காலத்தில் மந்திரியாக இருந்து, நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஹேவர்லி பிரபு. ராயபுரத்தில் மாடிவீட்டில் குடியிருந்த டெரிக், அந்தப் பிரபுவை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினார், கல்லூரியில் வேலை வாங்கினார், மேடை மேடையாகப் பொன்னாடையும் வாங்கினார். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: 'ஹேவர்லி பிரபுவும் பெண் எழுத்தாளர்களும்'.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாராளுமன்றத்தில் நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்தாலும், பெண்கள் அனுப்பும் கைப்பிரதிகளையும் புத்தகங்களையும் படிக்காமல் அந்த மனிதர் படுக்கமாட்டாராம். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் ஒட்டிக்கொண்டே வரும், அறுத்துத்தான் படிக்க வேண்டும். அதற்கென்று சட்டைப் பையில் எப்போதும் தந்தத்தில் ஒரு சின்னக் கத்தி. எழுதியவள் யாரானாலும் பத்து நாளில் பதில் போய்விடும். ஒருத்தி, தன் நாவலில் ஒரு அத்தியாயத்தை எரித்துவிடலாமா என்று கேட்டாள். "எரிப்பதென்றால் முதலில் என்னை எரியுங்கள்" என்று பதில் போட்டாராம். அந்த இடத்தில் டெரிக் கொஞ்சம் நிறுத்துவார். கை தட்டுவார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டபோது வேண்டாமென்று கை தூக்கியவரும் இதே பிரபுதான் என்பதை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நல்ல சாப்பாட்டில் எதற்குக் கல்லைப் போட வேண்டும்?

இரண்டு வருஷத்துக்கு முன் வியாசர்பாடி நூலகத்தில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் ரமாபாயும் ஒருத்தி. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை. வருகிற கன்டெய்னர் கதவில் சீல் சரியாக இருக்கிறதா, சீலில் உள்ள நம்பரும் சீட்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. போன நவம்பரில், மழைக்கு நடுவே, அவள் டெரிக் வீட்டுப் படியேறி வந்தாள். கையில் நீலநிற பிளாஸ்டிக் பை. அதன் வாயைச் சுருட்டி ஒரு மஞ்சள் பட்டையால் இறுக்கியிருந்தாள்.

"நாவல் சார். நானு எழுதினது. பதிப்பகத்துல ஒரு காப்பி குடுத்துக்கீறேன், நீங்க ஒரு அணிந்துரை குடுத்தா புக்கா போட்றேன்னு பதிப்பகத்துல சொல்லிக்கீறாங்க. உள்ளாற ஒரு லெட்டரு வெச்சிருக்கேன், அத்தயும் பாருங்க சார்."

"எதப் பத்தின கதைம்மா?"

"யார்டுல நடக்கிறது சார். நானு பார்த்தது, பட்டது."

அது போதுமாயிருந்தது டெரிக்குக்கு. பையை பீரோவின் மேலே வைத்தார். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, செமஸ்டர் பேப்பர் வந்தது, பதிப்பகத்திலிருந்து மூன்று தரம் போன் வந்தது. அந்தக் கல்வியாண்டில் அவர் எழுதிக் கொடுத்த அணிந்துரைகளில் அது ஆறாவது. கை பழகிப் போயிருந்தது. வியாசர்பாடி, போர்டு வீடு, பெண், யார்டு வேலை. இதைவிட என்ன தெரிய வேண்டும்? ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினார். 'இந்நாவலின் ஒவ்வொரு பக்கமும் ஈரமாக இருக்கிறது. இது மையால் அல்ல, கண்ணீரால் எழுதப்பட்டது. வாசகரே, கைக்குட்டையோடு வாருங்கள்.'

பிப்ரவரியில் பையை வாங்கிப் போக அவள் வந்தாள். டெரிக் அதை பீரோவிலிருந்து எடுத்து, தூசியை ஊதிவிட்டுக் கொடுத்தார்.

"முழுக்கப் படிச்சேன்மா. கலங்கிட்டேன். படிச்சிட்டு, நீ கட்டினாப்பலயே பத்திரமா கட்டி வெச்சேன்."

ரமாபாய் பையைத் திருப்பி அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தாள். கட்டை விரலால் ஒரு தடவை தடவினாள். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலடிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டப மாடியில் வெளியீட்டு விழா. நூறு நாற்காலி போட்டு, போதாமல் நின்றுகொண்டிருந்தார்கள். யார்டு ஆட்கள் பாதி, வாசகர் வட்டத்து ஆட்கள் பாதி. முதல் பிரதியை வாங்கிக்கொண்டு டெரிக் மேடையில் உட்கார்ந்தார். வாசகர் வட்டச் செயலாளர் லோகநாதன் வரவேற்புரை சொல்லத் தொடங்கினார். அவர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். பொழுது போகட்டுமென்று டெரிக் புத்தகத்தைப் பிரித்தார்.

நாவலின் முதல் பக்கத்தில் ஒரு ஆடு இருந்தது.

யார்டு சூப்பர்வைசர் மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த ஆடு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு காலி கன்டெய்னருக்குள் போய்விடுகிறது. கதவை மூடி சீல் வைத்து கொழும்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். திறந்து பார்க்க வேண்டிய அதிகாரி திறக்கவே இல்லை. 'திறந்து சோதித்தேன், காலியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். கொழும்பிலிருந்து கேட்கிறார்கள், காலி கன்டெய்னர் ஏன் கத்துகிறது என்று.

டெரிக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதித் தொண்டையில் நின்றது. வேகமாகப் புரட்டினார். ஐம்பதாம் பக்கம், சிரிப்பு. நூறாம் பக்கம், சிரிப்பு. கண்ணீர் எங்கேயும் இல்லை. ஐந்தாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை அவர் எழுதிய ஈரம் மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் அச்சாகியிருந்தது, கீழே அவர் பெயரோடு, பட்டத்தோடு. மின்விசிறிக்கு அடியிலேயே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம், ஆனால் இது மாடி.

லோகநாதன் அப்போது அந்த அணிந்துரைப் பக்கத்தைத்தான் விரித்துப் பிடித்திருந்தார்.

"நாவல் ஒண்ணாவது அத்தியாயத்துல ஆரம்பிக்குதுன்னு நெனைக்காதீங்க. அணிந்துரையிலயே ஆரம்பிச்சிடுது! கன்டெய்னரத் தொறக்காமயே தொறந்தேன்னு எழுதுறாரே ஒரு ஆபீசரு, அதே மாதிரி நாவலத் தொறக்காமயே அழுதேன்னு எழுதுற ஒரு புரொபசரு வேஷத்தை நம்ம சார் போட்டிருக்காரு பாருங்க. கேளுங்க: 'வாசகரே, கைக்குட்டையோடு வாருங்கள்!'"

மண்டபம் அதிர்ந்தது. லோகநாதன் வரிவரியாகப் படித்தார், ஜனம் வரிவரியாகச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு கிரேன் ஆபரேட்டர் நிஜமாகவே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெரிக் என்ன செய்தார்? எழுந்து கும்பிட்டார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிரித்த முகத்தோடு, தலையை லேசாகச் சாய்த்து, வேஷம் கட்டியவர் கும்பிடுவதுபோலக் கும்பிட்டார். தப்பித்தோம் என்று நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாயிற்று. அப்புறம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். ரமாபாய் சிரிக்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த அந்த நீலப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வாயில் மஞ்சள் பட்டை இறுகியிருந்தது.

அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்பதுதான் புரியவில்லை. பேச அழைத்தார்கள். பிரபு வாய் வரை வந்தார், அவரை விழுங்கினார்.

"நான் இந்த நாவலைப் படிக்கவில்லை" என்றார் டெரிக். "படிக்காமல்தான் எழுதிக் கொடுத்தேன்."

கைதட்டல். விசில்.

"வேஷம் இல்லைங்க. சத்தியமா படிக்கல. இப்பத்தான், இங்க உக்காந்து, மொதல் பக்கத்தப் பாத்தேன்."

"சார், ஆடு ஏறினதயாவது பாத்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்துச் சிரித்து நாற்காலிகள் நகர்ந்தன. அவர் மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தார், சத்தத்தில் அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். முதல் தடவையாக உண்மையைச் சொன்னபோது கலைஞன் என்றார்கள். மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு கூனிக் குறுகி ஒரு மேடையில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டருகே ரமாபாயைப் பிடித்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும் சார். இது எங்க யார்டு சீலு. ஒரு தபா மாட்டிட்டா அறுக்காம கயட்ட முடியாது, அறுத்தா திருப்பி மாட்ட முடியாது. எங்க வூட்ல அரிசி மூட்டைக்கும் இத்தத்தான் போடுவோம். அன்னிக்கு நீங்க குடுத்தப்போ நம்பரு பாத்தேன். நான் போட்ட நம்பரே இருந்துச்சி."

"அப்பவே கேட்டிருக்கலாமே. திட்டியிருக்கலாமே."

"இன்னான்னு திட்றது சார்? உங்க பேரு இல்லாட்டி புக்கே இல்லன்னுட்டாங்க. உங்க அணிந்துரைய படிச்சிட்டு ரெண்டு நாளு அழுதேன். நீங்க சொன்ன கண்ணீரு அதான் போல." பையை அவர் கையில் வைத்தாள். "இப்பனாச்சும் அறுத்துப் படிங்க சார்."

டெரிக் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். வெயில் சுட்டெரித்தது. பட்டையைக் கையால் இழுத்தார், பல்லால் கடித்தார், அது அசையவில்லை. பக்கத்து டீக்கடையில் கத்தி கேட்டார். கடைக்காரர் எலுமிச்சை நறுக்கும் கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். ஒரே இழுப்பில் சீல் அறுந்தது. எட்டு மாசத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதற்கு ஒரு விநாடிதான் ஆயிற்று.

மேலேயே கடிதம் இருந்தது.

'ஐயா, வணக்கம். கதை முழுக்கச் சிரிப்பாக எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் சிரிப்பு இல்லை. அது என் அப்பா சுப்பராயனைப் பற்றியது. மூட்டை தூக்கும் துணியோடு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட வந்தவரை, பக்கத்து வீட்டுக்காரர் என்று தோழிகளிடம் சொல்லிவிட்டேன். அவர் காதில் அது விழுந்தது. ஒன்றும் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே பத்தடி தள்ளி என்னோடு நடந்து வந்தார். இப்போது அவர் இல்லை. இதை எழுதலாமா கூடாதா தெரியவில்லை. கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை. இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வைப்பேன். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.'

டெரிக் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பிரதியின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தார். ஏழு பக்கம். பேருந்துகள் வந்தன, போயின. அந்தப் பத்தடியை அவள் எழுதியிருந்த விதத்தில், ஒரு எழுத்தைக்கூடத் தொடும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவருக்கு விளங்கியது. அச்சான புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடினார். அங்கே லாரி டிரைவர்களின் சமையல் போட்டி இருந்தது. கைப்பிரதியில் பத்தொன்பது அத்தியாயம், புத்தகத்தில் பதினெட்டு.

தெரிந்தும் போன் போட்டார். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவே அவள் எடுத்தாள்.

"ரமா, ஒன்பதாவது அத்தியாயம்... அதுதாம்மா உன் நாவலே. அது இருக்கணும். எடுக்காத. என்ன ஆனாலும் அதை எடுக்காத."

அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது, அவள் ஓரமாகப் போயிருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புக்கு வந்துட்ச்சே சார்."