எழுபதில் நின்ற முள்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் மாட்டிக்கொண்டவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். தான் பேசிய பேச்சிலிருந்து தானே இறங்கி வர மட்டும் அவருக்குத் தெரியாது.

எனக்கு உடன்பிறந்தவன் ஒரே ஓர் அண்ணன். கப்பலில் என்ஜினியர், கல்யாணம் செய்துகொள்ளாத தனிக்கட்டை. எங்கள் வீட்டில் அவன் பெயரே கப்பல்தான். நாலு வருஷமாக அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாதம் ஒரு தடவை நான் போன் செய்வேன். "நல்லா இருக்கியா பாப்பா? சாப்டியா? சரி, வெக்கறேன்" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையில் தானாகவே கூப்பிட்டான்.

"ஆறு வாரத்துல லீவு வருது."

"வீட்டுக்கு வாண்ணா."

அவன் அதை விட்டுவிட்டு, "மாப்பிள்ளையோட சுருட்டுப் பெட்டி இருக்கா?" என்றான்.

"இருக்கு. நல்லா இருக்கு" என்றேன். பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியின் கதை இதுதான். ஒரு லீவில் அண்ணன் இருபத்துநாலு சுருட்டு வாங்கி வந்து இவர் கையில் கொடுத்தான். அவன் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து ஆளுக்கொன்று பிடிப்பார்கள். மச்சான், மாப்ளே என்று ஒரே கும்மாளமாக இருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே இருந்து திட்டுவேன். இவருக்கு அப்போது சுருட்டுப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. தேவதாரு மரப்பெட்டி வாங்கினார். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காட்ட முள் வைத்த மீட்டர் ஒன்றும் வாங்கி மூடியில் ஒட்டினார். சுருட்டு காய்ந்தால் நொறுங்கும், நனைந்தால் பூசணம் பிடிக்கும், நூற்றுக்கு அறுபத்தைந்திலிருந்து எழுபது வரை ஈரம் இருந்தால்தான் அது சுருட்டு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தார்.

பிறகு அம்மா படுத்தாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரி. இவர்தான் எல்லாம் பார்த்தார். தன் தாயைப்போலப் பார்த்தார், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அண்ணன் நடுக்கடலில் இருந்தான். அம்மா போய்ப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் அவனால் வர முடிந்தது. சூட்கேசும் கையுமாக வாசலில் நின்றவனைப் பார்த்து இவர் சொன்னார்:

"வாங்க, விருந்தாளி. எல்லாம் முடிஞ்சிடுச்சு. நிதானமா உக்காந்து காபி சாப்பிடுங்க."

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் படியிறங்கினான். அம்மா போன அதே மாதத்தில் அண்ணனும் போனான். இவரைக் குற்றம் சொல்ல வாயெடுத்தால் நாற்பது நாள் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அதனால் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் உள்ளேயே கிடந்து புழுங்கியது.

பெட்டி பீரோவுக்கு மேலே பழைய மின்விசிறிக்குப் பின்னால் இருந்தது. திறந்து பார்த்தால் மிச்சம் நாலே நாலு சுருட்டு. முள் முப்பதில் நின்றது. இவர் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து மெல்ல உருட்டினார். சருகை மிதித்தது போல் மொறுமொறுவென்றது.

"நல்ல சுருட்டுன்னா சத்தமே வரக்கூடாது" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேங்க."

"யாரு சொல்லச் சொன்னா?"

"பின்ன, நாலு வருஷமா திரும்பிக்கூடப் பாக்கல, காஞ்சு போச்சுன்னு சொல்லட்டுமா? அவன் முதல்முதலா வாயைத் திறந்து கேட்டிருக்கான். இல்லன்னு சொன்னா இனிமே போன்கூட வராது."

இவருக்கும் அது புரிந்தது. அன்றைக்கே மறுபடி ஆரம்பப் பாடம். இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தார். காய்ந்த சுருட்டை மீட்க முடியும், ஆனால் மெதுவாகத்தான் மீட்க வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் இலை உப்பி மேல் இலை வெடித்துவிடும் என்று எல்லா வீடியோவும் சொன்னது. இவரும் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு நேரே போய்ப் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட சோப்பு டப்பாவில் வைத்துப் பெட்டிக்குள் நுழைத்தார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்காது.

மறுநாள் மாலை வேலைவிட்டு வந்ததும், "ஏய், இங்க வா! எழுபது!" என்று கத்தினார். முள் எழுபதில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மீட்டரைப் பார்ப்பார். எழுபது. ஸ்பாஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். அப்போதும் எழுபது. "எப்படி மெயின்டெய்ன் பண்றேன் பாத்தியா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் போயிற்று. அதில் நாலு நாள் விடாத மழை, மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் வெயில். முள் அசையவில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவதும் தராசு துடைப்பதும்தான் வேலை என்றாலும், இருபது வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். எந்தக் கருவியும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒழுங்காக இருந்தால் அது செத்துவிட்டது என்று பொருள்.

மூடியிலிருந்து மீட்டரைப் பெயர்த்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பொடிகள் ஈரம் கோக்காமல் இருக்க அங்கே ஒரு கனமான கண்ணாடிச் சாடி உண்டு. அதற்குள் எலும்பும் உலர்ந்துவிடும். முதல் மணிக்கு உள்ளே வைத்தேன். கடைசி மணி அடித்ததும் எடுத்தேன். எழுபது! விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். முள் சட்டென்று பத்துக்கு விழுந்தது.

வீட்டுக்கு வந்து நானே பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். ஸ்பாஞ்சை ஒட்டிக் கிடந்த இரண்டில் ஒன்று தலையிலிருந்து வால்வரை வெடித்துப் பிளந்திருந்தது. இன்னொன்றின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"அது எண்ணெய் பூத்திருக்கு. நல்ல சுருட்டுல வரும்னு வீடியோவுல..." என்று இழுத்தார்.

"பூசணங்க. ரோமம் நிக்குது பாருங்க."

மூலையில் தள்ளிக் கிடந்த இரண்டு மட்டும் உப்பிப்போய், ஆனால் உடையாமல் இருந்தன. இருபத்துநாலு நாலாகி, நாலு இரண்டாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

"மீட்டர் எழுபதுன்னு காட்டுச்சேம்மா" என்றார் பாவமாக.

அந்தப் பாவமான முகம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "தினம் என்ன வேலை பாக்கறீங்க நீங்க? ஏழாவது மாடின்னு நம்பர் காட்டும், லிஃப்ட் ரெண்டாவது மாடியில நிக்கும், மடப்பசங்க நம்பரைப் பாத்து ஏமாறுறாங்கன்னு வந்து சிரிப்பீங்களே? உங்க வீட்டுல வந்தா மட்டும் தெரியலையா?"

"விடு, அவசரத்துல..."

"எதுலதான் உங்களுக்கு அவசரம் இல்ல? அன்னைக்கும் அவசரம்தான். அவன் படியேறி வந்து மூச்சு வாங்கிட்டு நின்னான். அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லி அழக்கூட நேரம் குடுக்கல நீங்க. அதுக்குள்ள விருந்தாளின்னீங்க. எனக்குன்னு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தாங்க."

நாலு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது அது. இவர் அந்தப் பிளந்த சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "நீயே பாத்துக்க. நான் தொடமாட்டேன்" என்றார்.

நான் தொட்டேன். வேதியியல் ஆசிரியையிடம் கேட்டுச் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று இரவல் வாங்கினேன். பட்டது போதும் என்று முதலில் அதைச் சோதித்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஒரு நாள் வைத்தேன். ஈர உப்பு இருக்கும் மூடிய டப்பாவில் ஈரம் எழுபத்தைந்தில் நிற்கும். அது உப்பின் குணம், மாறாது. மீட்டர் எழுபத்திரண்டு காட்டியது. மூன்று குறைச்சல். இருக்கட்டும். எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கருவியை நம்பலாம்.

மரப்பெட்டியைத் துடைத்து நிழலில் உலர்த்தினேன். பூசணம் பிடித்ததையும் பிளந்ததையும் குப்பையில் போட்டேன். நல்லதாக இருந்த இரண்டை மட்டும் சுத்தமான டப்பாவில் வைத்து, முதலில் ஈரத்தை அறுபதுக்கு இறக்கினேன். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டு, கட்டைவிரல் அளவுதான். வாரத்துக்கு இரண்டு புள்ளி ஏற்றினேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை சுருட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன். நெடி தாங்காமல் முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டேதான் செய்தேன். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எவ்ளோ?" என்பார். "அறுபத்திரண்டு, கூட மூணு" என்பேன். "கொஞ்சம் தண்ணி..." என்று ஆரம்பித்து, என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார். பதறாத காரியம் சிதறாது என்று ஒரு காகிதத்தில் எழுதி அந்த டப்பாவின் மேல் ஒட்டினேன். ஒரு நாள் அதற்குக் கீழே பேனாவால் "சரிங்க டீச்சர்" என்று எழுதியிருந்தது.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் இரண்டையும் மரப்பெட்டிக்கு மாற்றினேன். மீட்டர் அறுபத்துநாலு காட்டியது. கூட மூன்று.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். நான் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் இவர் போய்த் திறந்துவிட்டார். அண்ணன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அதே சூட்கேஸ். இவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். குனிந்து அண்ணன் கையிலிருந்து சூட்கேசை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். வேறு வழியில்லாமல் அண்ணனும் பின்னாலேயே வந்தான்.

சாப்பாடு முடியும்வரை கப்பலைப் பற்றியும் லிஃப்ட்டைப் பற்றியும் பேசினார்கள். நடுவில் இரண்டு தடவை மழையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு இவர் எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்தான். முகர்ந்தான். காதோரம் வைத்து உருட்டினான்.

"சத்தமே இல்ல" என்றான்.

அப்பாடா என்று நான் கதவை விட்டேன். அத்தோடு இவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மச்சான், உண்மையைச் சொல்லிடறேன். நாலு வருஷமா பீரோ மேல போட்டுட்டேன். எல்லாம் காஞ்சு போச்சு. அவசரப்பட்டு ரெண்டை நானே கெடுத்தேன். இந்த ரெண்டையும் காப்பாத்தினது உங்க தங்கச்சி." அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். "அன்னைக்குச் சொன்ன வார்த்தையும் அப்படித்தான் மச்சான். சொல்லியிருக்கக்கூடாது. தப்பு."

அண்ணன் சுருட்டை விரலிடுக்கில் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"நான் இதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு மாப்ளே. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்."

"என்னது?" இவர் எழுந்தே விட்டார். "ஆறு வாரம் மச்சான்! இந்த வீட்டுல நான் பட்ட பாடு என்னன்னு தெரியுமா? பின்ன எதுக்குப் பெட்டி இருக்கான்னு கேட்டீங்க?"

"வேற என்ன கேக்கச் சொல்றே? அங்க வரட்டுமான்னா?" அண்ணன் சுருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வாய் வரல மாப்ளே. தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லியிருந்தா ஏதாவது லாட்ஜ்ல ரூம் எடுத்திருப்பேன். இருக்குன்னு பாப்பா சொன்னா. அதான் வந்தேன்."

அந்தச் சனிக்கிழமை நான் வாய்கூசாமல் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. வாழ்நாளில் நான் சொன்னதிலேயே உருப்படியான பொய் அதுதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் எழுந்திருங்க, இடத்தைத் துடைக்கணும்" என்று அதட்டினேன்.

அண்ணன் சுருட்டைப் பெட்டியில் வைத்து மூடினான். கொட்டாவி விட்டபடி, "கொஞ்சம் தலையைச் சாய்க்கணும். எங்க படுக்கட்டும்?" என்றான்.

இவர் தொண்டையைச் செருமினார். "விருந்தாளின்னா உள்ள கட்டில் இருக்கு. வீட்டு ஆளுன்னா இங்கயே தரையிலதான்."

அண்ணன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "பாப்பா, ஒரு தலையணை குடு" என்று தரையில் உட்கார்ந்தான்.